அளவுக்கு ஓர் ஆள்

ஜூன் 8, ஞாயிறு

மரம் அசையாமல் நிற்கும் என்று யார் சொன்னது? காலையில் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து ஒரே ஒரு மருத மரத்தை வரையப் பார்த்தேன். அடிமரத்தை முடிப்பதற்குள் வெயில் நகர்ந்து நிழல்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. சரி, கிளைக்குப் போவோம் என்றால் காற்று. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாம். திருநெல்வேலிக்கு அதில் கிடைப்பது காற்று மட்டும்தான். ஒரு கிளையைப் பார்த்துவிட்டுத் தாளில் குனிந்து நிமிர்ந்தால் அந்தக் கிளை அங்கே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நானாகத்தான் சேர்ந்தேன். ஆகவே யாரையும் திட்டவும் வழியில்லை. வகுப்பை நடத்தும் ஜெபா என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். ஓவியக் கல்லூரியில் படித்தவள், ஆனால் பேச்சு மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற மாதிரி இருக்கும். என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது என்னது?"

"மரம்."

"எந்த மரம்?"

"இந்தா நிக்குல்லா, இந்த மரம்."

"இல்லக்கா. இது ரெக்கார்டு நோட்டுல நிக்கிற மரம். பாகங்களைக் குறிச்சிருந்தா அஞ்சு மார்க் போட்டிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தாவரவியலில் முதல் வகுப்பு. என் ரெக்கார்டு நோட்டு கல்லூரி முழுக்கக் கை மாறியது. வேர், இலை, பூவின் வெட்டுத் தோற்றம், எதிலும் ஒரு பிசிறு இருக்காது. மருத மரம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மரம்தான் அப்படி இல்லாமல் நிற்கிறது.

வீட்டுக்கு வந்தால் பால் தீய்ந்து, பாத்திரம் கரியாகி, ஹால் வரைக்கும் புகை. இவர் ஹாலில்தான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆவுடையப்பன் சார் வருகிறார் என்றால் வராண்டாவே அடங்கிவிடும் என்பார்கள். வீட்டில் என் கணவராக இருக்கும்போது அடுப்புகூட அவருக்கு அடங்குவதில்லை.

"தீயுற வாசனை வரலியா உங்களுக்கு?"

"இல்லியே" என்றார். எழுந்திருக்கக்கூட இல்லை.

பாத்திரம் தேய்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

வங்கியில் பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. முதுநிலை மேலாளர். போஸ்டிங் நாக்பூர். ஏற்றுக்கொள்கிறேனா இல்லையா என்று ஜூலை முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

வழியெல்லாம் இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வந்து சொன்னேன். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. சுவரிடம் சொல்லியிருந்தால் ஒரு பல்லியாவது கத்தியிருக்கும்.

"சந்தோஷம்" என்றார், தன் சட்டைப் பையிடம் சொல்வதுபோல. அப்புறம், "காலையில வச்ச சாம்பார் இருக்கா?"

நாக்பூருக்கு நான் மட்டும் போவதா, அவர் என்ன செய்வார், கோயம்புத்தூரில் படிக்கும் மகள் சுபிக்ஷா விடுமுறைக்கு எங்கே வருவாள், எதுவும் கேட்கவில்லை. ஒரு கேள்விகூட இல்லை.

நான் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன குறையும் என்று யோசித்துப் பார்த்தேன். சாம்பார்.

ஜூன் 11, புதன்

நாள் முழுக்க அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஜெபா என் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டாள். "வகுப்பு முடிஞ்சதும் தாரேன். தப்பா போட்ட கோடு அங்கயே கிடக்கட்டும், அது மேலயே அடுத்த கோட்டைப் போடுங்க" என்கிறாள். என் கைப்பையில் இன்னொரு ரப்பர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இன்றைய பாடம், கிளையை வரையாமல் கிளைகளுக்கு நடுவே தெரிகிற வானத்தை வரைவது. "கிளை எப்படி இருக்கும்னு உங்க மண்டையில ஏற்கெனவே ஒரு படம் இருக்கு. கிளைக்கு நடுவுல இருக்கிற ஓட்டைக்கு அப்படி ஒண்ணும் கிடையாதுல்லா? அதனால அதை ஒழுங்காப் பாப்பீங்க." கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டை ஓட்டையாக வரைந்து முடித்தபோது என் தாளில் இருந்தது, எலி கடித்த ஒரு துண்டு.

முடிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். எல்லோருடைய தாளையும் படித்துறையில் விரித்து, பறக்காமல் மூலைக்கு ஒரு கல் வைத்துவிட்டு, சுற்றி வந்து பார்க்க வேண்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. என்ன தெரிகிறது என்று மட்டும்தான் சொல்லலாம். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பீர்முகமது அண்ணன் என் தாளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு ரொம்பப் பணிவாக, "தங்கச்சி, இதுல எனக்கு ஒரு சல்லடை தெரியுது" என்றார்.

இந்த மனிதர் வரைகிற எல்லா மரமும் குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். இவர் என்னைச் சொல்கிறார்.

ஜூன் 19, வியாழன்

சட்டைப் பொத்தான் போட இவருக்கு ஒரு யுகம் ஆகிறது. நான் ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறேன், இவர் மூன்றாவது பொத்தானில் இருக்கிறார். தோள்பட்டை வலி வந்ததிலிருந்து வண்டியும் ஓட்டுவதில்லை. நான்தான் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வங்கிக்கு ஓட வேண்டியிருக்கிறது. எலும்பு டாக்டர், தோள்பட்டை இறுகிப் போயிருக்கிறது, பயிற்சி செய்தால் சரியாகும் என்று சொல்லி மாதக்கணக்கு ஆகிறது. பயிற்சிக்கென்று கதவில் கட்டிய கயிறு துணி காயப்போடத்தான் உதவுகிறது.

"கொஞ்சம் வேகமாப் போடுங்களேன். பொத்தானா, பூட்டா?"

ஏதோ சொன்னார். கேட்கவில்லை. இப்போதெல்லாம் எல்லாமே முனகல்தான். நேற்று சுபிக்ஷா போனில், "அம்மா, அப்பா பேசுறது ஒண்ணுமே கேக்கல, அவங்க போன்ல மைக் போச்சா?" என்று கேட்டாள். மைக் நன்றாகத்தான் இருக்கிறது. பேசுகிறவருக்குத்தான் நம்மிடம் பேச விருப்பமில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நான் கிளம்பும்போது, "நானும் வாரேன்" என்றார்.

"எங்க?"

"ஆத்துக்கு."

வந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து வகுப்பு முடிகிற வரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு வந்தார் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலைப் பொழுதாவது தனியாக இருக்கலாம் என்றுதான் நான் இந்த வகுப்பிலேயே சேர்ந்தேன்.

இன்று மரப்பட்டை வரைந்தோம். மருத மரத்தில் பட்டை வெளிறிப் போய், வழவழவென்று, ஆங்காங்கே செதில் உரிந்து நிற்கும். வெளுப்பை வரைய வேண்டுமானால் பென்சிலை எங்கே வைக்காமல் இருப்பது என்று தெரிந்திருக்க வேண்டுமாம். நான் எல்லா இடத்திலும் வைத்துவிட்டேன். மரம் மழையில் நனைந்த எருமை மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

சுபிக்ஷாவுக்கு முறுக்கும் பொடியும் பார்சல் கட்டினேன். முகவரி மட்டும் எழுதச் சொன்னேன் இவரை. கூரியர் கடைக்காரர் பார்சலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், எறும்பு கையெழுத்துப் போட்டிருக்கா?"

உண்மைதான். முதல் வரி ஏதோ படிக்கலாம். போகப் போகச் சுருங்கி, கோயம்புத்தூர் வெறும் புள்ளியாக இருக்கிறது. கரும்பலகையில் கடைசி பெஞ்சுக்குத் தெரிகிற மாதிரி இடது கையால் எழுதுகிறவர். மகளுக்கு முகவரி எழுத மட்டும் மனசில்லை. நானே மேலே ஒரு தாள் ஒட்டித் திரும்ப எழுதினேன்.

நாக்பூரில் வங்கிக் குடியிருப்பு இருக்கிறதாம். இரண்டு அறை. ஒருத்திக்கு அது தாராளம்.

ஜூன் 29, ஞாயிறு

என் மரம் பெரியதா சின்னதா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லையாம். "தொட்டியில வச்ச செடின்னு சொன்னாலும் நம்பிருவாங்க. அளவுக்கு ஒரு ஆளைப் பக்கத்துல நிப்பாட்டுங்கக்கா" என்றாள் ஜெபா. நான் சுற்றிலும் பார்ப்பதற்குள் அவளே, "சார், அந்த மரத்துக்கிட்ட கொஞ்சம் நில்லுங்களேன்" என்று, இன்றும் கூடவே வந்து கல்லில் உட்கார்ந்திருந்த இவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

போய் நின்றார். நின்றார் என்றால் அப்படி ஒரு நிற்பு. கொசு கடித்தாலும் அசையவில்லை. கண்கூட இமைக்கிறதா என்று சந்தேகம். "சார் மாதிரி மாடல் கிடைக்க எங்க காலேஜ்ல தவம் கிடப்போம்" என்றாள் ஜெபா. வீட்டில் நான் தினமும் பார்க்கிற சிலைதானே. காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமாக்கும்.

ஆனால் ஆள் தாளில் வரவில்லை. மரத்தைவிட ஆள் சிரமம். பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலை இவ்வளவு, இடுப்பு வரைக்கும் இவ்வளவு என்று அளந்துதான் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் உருவம் கோணலாக இருக்கிறது. தலை முன்னால் வந்து, முதுகு வளைந்து, இடது கை முழங்கையில் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத குடையை இடுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி.

மனிதன் நின்றால் கை தொங்கும். இது தெரிய ஓவியக் கல்லூரி தேவையில்லை. ஜெபா அந்தப் பக்கம் திரும்பியதும் பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். கையைத் தொங்கவிட்டேன். முதுகை நிமிர்த்தினேன். இப்போதுதான் பார்க்க மனிதன் மாதிரி இருந்தது.

அதற்குள் சாரல் இங்கேயும் எட்டிவிட்டது. தாளை விரிக்காமலேயே எல்லோரும் ஓடினோம். இவர் மட்டும் ஓடவில்லை. நனைந்துகொண்டே, ஏதோ ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி வந்து சேர்ந்தார்.

ஜூலை 2, புதன்

மேலாளர் கேட்டார், "என்ன மேடம், நாக்பூர் ஓகேதானே?" ஓகே என்றேன். எழுதிக் கொடுக்க ஒரு மாதம் இருக்கிறது என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ஜெபா இன்று எல்லோரும் அதே மரத்தையும் அதே ஆளையும் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டாள். போன வாரம் அவள் கண்டுபிடித்த மாடலை விட மனசில்லை. எல்லோரும் அரைவட்டமாக உட்கார்ந்தோம். இவர் போய் அடிமரத்துப் பக்கத்தில் நின்றார். நான் போன வாரத் தாளையே வைத்துக்கொண்டு கிளைகளை முடித்தேன். இவரை மறுபடி வரைய வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தேன்.

முடிந்ததும் படித்துறையில் தாள்களை விரித்தோம். கல் வைத்தோம். சுற்றி வந்தோம்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் வரைந்ததில் இடது கை மடங்கியிருந்தது. அடுத்த தாளிலும் அதேதான். அதற்கடுத்ததில் முதுகும் வளைந்திருந்தது. பீர்முகமது அண்ணனின் குட மரத்துக்குப் பக்கத்தில் தீக்குச்சி மாதிரி ஓர் ஆள். முகமில்லை, விரலில்லை, ஆனால் தீக்குச்சிக்கும் ஒரு கை வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"எல்லாருமே ஒரே தப்பைப் பண்ணியிருக்கீங்க" என்றேன், சத்தமாகவே. "அந்த இடது கையைப் பாருங்க."

பீர்முகமது அண்ணன் குனிந்து தன் தாளில் இருந்த கல்லைக் கொஞ்சம் நகர்த்தினார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஜெபாதான் சொன்னாள். எப்போதும் பேசுகிற குரலில் இல்லை. "அக்கா, ஆளுக்கொரு தப்புதான பண்ணுவாங்க. எல்லாரும் எப்படிக்கா ஒரே தப்பைப் பண்ணுவாங்க?"

அத்தனை தாளிலும் ஒரே மனிதர் நின்றார். என் தாளில் மட்டும் வேறு யாரோ, நிமிர்ந்து, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, ரெக்கார்டு நோட்டில் இருப்பது மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். இவர் மரத்தடியிலிருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். வலது கை முன்னும் பின்னும் போய் வந்தது. இடது கை போகவில்லை.

வண்டியில் வரும்போது, "என் படம் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார் பின்னாலிருந்து. ஒரு தடவையில் எனக்குக் கேட்டுவிட்டது.

நல்லா வந்திருக்கு என்றேன்.

ஜூலை 7, திங்கள்

வண்டி சரியில்லை என்று பொய் சொல்லி இவரைப் பஸ்ஸுக்கு நடக்க வைத்தேன். பத்தடி பின்னாலேயே போனேன். ஒரு செருப்பு மட்டும் தரையை உரசுகிறது. தெருத் திருப்பத்தில் மற்றவர்கள் சட்டென்று திரும்புகிற இடத்தில், இவர் லாரி திரும்புவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறார். எத்தனை நாளாக இப்படி? பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பால்காரர் பார்த்திருப்பார்.

தோள்பட்டை இறுக்கம்தான். வேறென்ன இருக்கப்போகிறது. தோள் வலித்தால் கையை ஆட்டாமல்தான் நடப்பார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று நரம்பு டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

"எலும்பு டாக்டர்தான் பாக்காரே, இன்னொருத்தர் எதுக்கு?" என்கிறார். எதற்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எரிந்து விழுந்தேன். "வாங்கன்னா வாங்களேன், எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!" எதற்குமே கேள்வி கேட்பதில்லை என்றுதானே இத்தனை நாள் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட்டோம்.

ஜூலை 12, சனி

டாக்டருக்குச் சின்ன வயசு. இவரை நடக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை நாலு தட்டு நன்றாகத் தட்டிவிட்டு, சாவி தீர்ந்த பொம்மை மாதிரி மெதுவாகி நின்றுவிட்டது. பிறகு ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வருகிற மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். இவர் வரைந்தார். சுற்று வெளியே வரவே இல்லை. உள்ளேயே ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடந்தது.

"வாசனை தெரியுதா சார் உங்களுக்கு?"

"கொஞ்ச நாளா அவ்வளவா இல்ல."

என்னிடம் சொல்லவில்லை. நானும் அடிப்பிடித்த பாத்திரத்தைத்தான் காட்டினேனே தவிர, இதைக் கேட்கவில்லை.

"முகம் இப்படி எத்தனை நாளா இருக்கு?" டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எப்படி?"

"எந்த உணர்ச்சியும் காட்டாம."

"அவர் முகமே அப்படித்தான் டாக்டர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்தது. ஒரு படத்தில்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார். போட்டோக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார், "மாப்பிள்ளை, சிரிப்பைக் கொஞ்சம் அடக்குங்க" என்று.

பார்க்கின்சன். வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய ஒரு ஸ்கேன். மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு, வருஷக்கணக்காக வேலைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். "கை நடுங்கவே இல்லையே டாக்டர்" என்று நான் சண்டை போட்டேன். எல்லோருக்கும் நடுக்கத்தில் தொடங்காதாம். முகத்துத் தசையும் குரலும் எழுத்தும் இப்படி ஆவது நோயின் வேலை, மனசோடு அதற்குச் சம்பந்தமில்லை என்றார்.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கணக்கு மறந்து போகுமா?"

"இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம் சார்."

"சரி" என்றார். திரும்பி வரும்போது பிளஸ் டூ பாடத்தில் எந்தப் பகுதி பாக்கி என்று பேசிக்கொண்டே வந்தார். வண்டியை மெதுவாக ஓட்டினேன், காதில் விழ வேண்டும் என்பதற்காக.

ஜூலை 13, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. மாத்திரை எந்தெந்த வேளை என்று சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். சுபிக்ஷாவிடம் சொன்னோம். அழுதாள். அப்புறம், "அப்போ மைக் போகலியா?" என்று கேட்டு மறுபடி அழுதாள்.

ஜூலை 16, புதன்

இவரோடு பள்ளியில் இயற்பியல் எடுக்கும் ரெஜினா டீச்சர் வங்கிக்கு வந்திருந்தார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மேடம், நாக்பூருக்கு எப்போ? உங்களுக்கு நேர்ல வாழ்த்துச் சொல்லவே இல்லை பாருங்க. சார்கிட்ட லட்டு வாங்கித் தின்னதோட சரி."

"என்ன லட்டு?"

"உங்க புரமோஷன் லட்டுதான்! அடுத்த நாளே ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்குக் கொண்டு வந்து குடுத்தாரே. ஹெட்மாஸ்டரையே எந்திரிக்க வச்சுக் குடுத்தாரு. பிளஸ் டூ பசங்களுக்கு அன்னைக்கு டெஸ்ட் கேன்சல். ஆவுடையப்பன் சார் டெஸ்டைக் கேன்சல் பண்ணி நாங்க யாரும் பாத்ததே இல்ல, போங்க."

அடுத்த நாள் என்றால், நான் இவரிடம் பேசாமல் இருந்த நாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை. "ஸ்டாஃப் ரூமுக்கே லட்டு குடுத்தீங்களாமே."

"ம்."

"ஊருக்கெல்லாம் லட்டு. எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. சாம்பார் இருக்கான்னு கேட்டீங்க."

"சிரிச்சேனே" என்றார்.

"எப்போ?"

"நீ சொன்னப்பதான். அவ்வளவு சிரிச்சேன்."

"நீங்க சிரிக்கல."

"சிரிச்சேன் கோமதி. சிரிச்சனா இல்லியான்னு எனக்குத் தெரியாதா? நீதான் விறைப்பா உள்ள போயிட்ட. ஒத்தையில போகப்போறங்கிற கோபமோ என்னவோன்னு நினைச்சு நான் ஒண்ணும் கேக்கல."

இவர் எழுந்து, அவருடைய வேகத்தில், பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

"இப்போ சிரிக்கேன். தெரியுதா?"

"கொஞ்சம்" என்றேன்.

கணக்கு வாத்தியாரிடம் கொஞ்சம் என்றால் விடுவாரா. "கொஞ்சம்னா எவ்வளவு?"

ஜூலை 20, ஞாயிறு

ஆற்றங்கரைக்குப் போனோம். ஜெபா எதுவும் விசாரிக்கவில்லை. பீர்முகமது அண்ணன் மட்டும் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திர வியாபாரம் பற்றி மூச்சு விடாமல் பேசினார். இவரைப் பேசவிடாமல் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல்.

புதுத் தாளில் இவரை உள்ளபடி வரைய உட்கார்ந்தேன். கை என்னுடையது, பென்சில் என்னுடையது, ஆனாலும் அந்த முழங்கையை மடக்கிப் போட என் கை கேட்கவே இல்லை. நேர்க்கோடாகவே இழுக்கிறது. அதன்மேல் இன்னொரு கோடு. அதன்மேல் இன்னொன்று. கடைசியில் கை மடங்கியது. ஆனால் பார்க்க மூன்று கை உள்ளவர் மாதிரி இருக்கிறார். மரத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. அடிமரத்தில் பாதியோடு நிற்கிறது.

ஜூலை 25, வெள்ளி

நாக்பூர் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று ஒரே வரி. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சம்மதம் என்று எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை எழுதியதைக் கிழித்துப் போட்டாயிற்று. கிழித்தது நான் இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு படித்துறையில் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நாக்பூர் வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பதை அப்போதுதான் சொன்னேன். இவர் ஏதோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க, கேக்கல."

"என்னையச் சாக்கு வச்சு நீ வேண்டாம்னு எழுதப்படாது!"

அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"சாக்கா? யாரு சாக்கு சொல்லுதா? மாத்திரையை நேரத்துக்கு யாரு எடுத்துக் குடுக்கது? உங்க தங்கச்சி வருவாளா? நான் அங்க போய் இருந்துக்கிட்டு, இங்க நீங்க பொத்தானைப் போட்டீங்களா, விழுந்தீங்களான்னு தினமும் போன்ல கேக்கவா? கேட்டாலும் நீங்க சொல்லுத பதில் எனக்கு விளங்குமா?"

"நானும் வாரேன்."

"எங்க?"

"நாக்பூருக்கு. மெடிக்கல் லீவு போடுதேன். இந்த வருஷம் பிளஸ் டூவுக்கு ரெஜினா டீச்சர் தம்பி வந்து கணக்கு எடுக்கட்டும், நான் பேசிட்டேன்."

"எப்போ பேசினீங்க?"

"லட்டு குடுத்தன்னைக்கே. அப்போ ஒரு வாரம் உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வரதுக்குன்னு பேசினேன். இப்போ வருஷம்னு மாத்திக்கிட்டா போச்சு."

நான் விடவில்லை. அங்கே டாக்டர் யார், குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அந்த ஊர் நரம்பு டாக்டர் இரண்டு பேரின் பெயரை நம்முடைய டாக்டரிடமே வாங்கி வைத்திருக்கிறார். கேள்வியே கேட்காத மனிதர், எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருக்கிறார்.

"வந்து அங்க என்ன செய்வீங்க? ஒரு வார்த்தை ஹிந்தி தெரியுமா உங்களுக்கு?"

காபி டம்ளரைப் படியில் வைத்தார்.

"இங்க தமிழ்ல பேசுததே உனக்குக் கேக்கல. அங்க எந்த பாஷையில பேசாட்டாதான் என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபி தளும்பிப் புடவையில் கொட்டியது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் எப்போதும்போல அப்படியே இருந்தது, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, ஒரு கோடும் அசையாமல்.

"கோமதி" என்றார்.

"என்ன?"

"நானும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லணும்லா, அதான் சொல்லுதேன்."